சரணடைந்த பின் 32 மாதங்கள்

1916 ஏப்ரல் 29, சனிக்கிழமை பிற்பகலில் பட்ரிக் பியர்ஸ் நிபந்தனையின்றிச் சரணடைந்தார். உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் டப்ளின் நகரின் பொதுத் தபாலகத்தைக் கைப்பற்றி, அதன் வாசலில் நின்று ஐரிஷ் குடியரசைப் பிரகடனம் செய்தவர் அவர். கிளர்ச்சி ஆறு நாட்களில் முடிந்துவிட்டது. நகரின் நடுப்பகுதி பீரங்கிக் குண்டுகளாலும் தீயாலும் சிதைந்து கிடந்தது. ஏறத்தாழ 500 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எந்தப் படையையும் சேராத பொதுமக்கள். கைதிகளை வீதி வழியே நடத்திச் சென்றபோது சில இடங்களில் வாழ்த்தொலி கேட்டது, பல இடங்களில் வசை கேட்டது. வசை பாடியவர்களில் பலர் பிரித்தானியப் படையில் சேர்ந்து பிரான்சில் போரிட்டுக்கொண்டிருந்த ஐரிஷ் சிப்பாய்களின் மனைவிமார். கணவன் போர்முனையில் இருக்க, ஜெர்மனியின் உதவியை நாடிய ஒரு கூட்டம் ஊரைக் கொளுத்திவிட்டது என்பதே அவர்களின் பார்வை.

1918 டிசெம்பர் 28 அன்று பொதுத் தேர்தல் முடிவுகள் வெளியாகின. அயர்லாந்துக்கு லண்டன் பாராளுமன்றத்தில் இருந்த 105 இடங்களில் 73ஐ, கிளர்ச்சியின் வாரிசு என்று தன்னை அறிவித்துக்கொண்ட ஷின் ஃபெய்ன் கட்சி வென்றது. போருக்கு முன் எழுபதுக்கு மேற்பட்ட இடங்களோடு ஐரிஷ் அரசியலை ஆண்ட பழைய பாராளுமன்றக் கட்சிக்கு 6 இடங்கள் மிஞ்சின.

இரண்டு நாட்களுக்கும் இடையில் 32 மாதங்கள். அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு வழக்கமாக ஒரே வரியில் பதில் சொல்லப்படுகிறது: தலைவர்களைச் சுட்டார்கள், மக்கள் மனம் மாறியது. அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் மாறிய மனம் தானாக ஒரு கட்சியாகிவிடாது. துக்கத்துக்கும் வாக்குப்பெட்டிக்கும் இடையில் நிறைய வேலை நடந்தது. அந்த வேலையின் நடுவில் ஒரு சமரசமும் நடந்தது. அந்தச் சமரசம் இல்லாமல் 73 இடங்கள் கிடைத்திருக்காது. பின்னால் வந்த சகோதரப் போரின் வித்தும் அதில்தான் இருந்தது.

மே மாதத்துச் சூடுகள்

இராணுவச் சட்டத்தின்கீழ் அயர்லாந்தை ஆள அனுப்பப்பட்டவர் ஜெனரல் மக்ஸ்வெல். மே 3 முதல் 12 வரை டப்ளினின் கில்மைனம் சிறையில் 14 பேரும் கொர்க்கில் ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விசாரணைகள் மூடிய கதவுகளுக்குள் நடந்தன. ஒரே நாளில் எல்லோரையும் கொன்று முடித்திருந்தால் அதிர்ச்சி ஒருமுறையோடு போயிருக்கும். இரண்டு மூன்று பேராக, நாள் விட்டு நாள், தண்டனை முடிந்த பிறகே செய்தி வெளியே வந்தது. ஜோசப் பிளங்கெட் இறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு சிறைக் கோவிலில் கிரேஸ் கிஃபோர்டைத் திருமணம் செய்துகொண்டார். காயத்தால் எழுந்து நிற்க முடியாத தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கொனலியை நாற்காலியில் இருத்திச் சுட்டார்கள். ஓகஸ்ட் 3ஆம் திகதி லண்டனில் ரோஜர் கேஸ்மன்ட் தூக்கிலிடப்பட்டபோது எண்ணிக்கை 16 ஆனது.

இதைவிட ஆழமாக வேலை செய்தது கைதுகள்தான். சுமார் 3,500 பேர் பிடிக்கப்பட்டார்கள். கிளர்ச்சியே நடக்காத மாவட்டங்களிலும் பொலிஸ் பழைய பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனது. பலர் சில வாரங்களில் விடுவிக்கப்பட்டாலும், 1,800 பேரளவில் விசாரணையின்றிப் பிரித்தானியாவில் அடைக்கப்பட்டார்கள். அதுவரை டப்ளின்காரரின் விவகாரமாக இருந்த ஒன்று தொலைதூரக் கிராமங்களின் குடும்ப விவகாரமாயிற்று.

அரசியலில் அந்தக் கோபத்துக்கு அப்போது வீடு இருக்கவில்லை. ஜோன் ரெட்மண்ட் தலைமையிலான பாராளுமன்றக் கட்சி நாற்பது ஆண்டுகளாக ஹோம் ரூல் என்ற உள்நாட்டுத் தன்னாட்சிக்காக லண்டனில் வாதாடி வந்தது. (சென்னையில் அன்னி பெசன்ட் 1916 செப்டெம்பரில் தொடங்கிய ஹோம் ரூல் லீக்கின் பெயர் இந்த ஐரிஷ் கோரிக்கையிலிருந்து வந்ததுதான்.) 1914இல் அதற்கான சட்டம் நிறைவேறியது, போர் முடியும்வரை நிறுத்தியும் வைக்கப்பட்டது. கிளர்ச்சிக்குப் பின் லோயிட் ஜோர்ஜ் அதை உடனே நடைமுறைக்குக் கொண்டுவரப் பேச்சு நடத்தினார். விலையாக, வடக்கின் 6 மாவட்டங்களை விலக்கிவைக்க ரெட்மண்ட் இணங்கினார். 1916 ஜூலையில் அந்தப் பேச்சு முறிந்தது. ரெட்மண்டின் கையில் தன்னாட்சியும் வரவில்லை. நாட்டைப் பிரிக்கச் சம்மதித்தவர் என்ற பழி மட்டும் மிஞ்சியது.

விதவைகளின் கணக்குப் புத்தகம்

ஆண்கள் சிறையிலும் புதைகுழியிலும் இருந்தபோது வெளியே இருந்தவர்கள் பெண்கள். கைதான 79 பெண்களில் பெரும்பாலோர் மே மாதத்துக்குள்ளேயே விடுவிக்கப்பட்டிருந்தார்கள். பெண்கள் அவையான குமன் ந மான் உறுப்பினர்கள் இறந்தவர்களுக்காகக் கோவில்களில் திருப்பலி ஒப்புக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். இராணுவச் சட்டத்தின்கீழ் பொதுக்கூட்டம் கூட்ட முடியாது. பூசைக்குப் போகிறவரை யாரும் தடுக்க முடியாது. பூசை முடிந்து வாசலில் கூடி நிற்கும் கூட்டமே அந்தக் கோடையின் முதல் ஊர்வலம். சுடப்பட்டவர்களின் படங்கள் அச்சிட்ட அட்டைகள் கடைகளில் விற்பனையாயின.

இவர்களில் முக்கியமானவர் கத்லீன் கிளார்க். கிளர்ச்சியின் மூத்தவரான தோமஸ் கிளார்க்கின் மனைவி. கணவரும் தம்பி நெட் டேலியும் அடுத்தடுத்த நாட்களில் சுடப்பட்டார்கள். கிளர்ச்சிக்கு முன்பே, தலைவர்கள் எல்லோரும் அழிந்தாலும் அறுந்த நூலை மீண்டும் முடிவதற்காக, இரகசிய அமைப்பான ஐரிஷ் குடியரசுச் சகோதரத்துவத்தின் முக்கிய ஆட்களின் பெயர்கள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. துக்க வீட்டிலிருந்தபடியே, கணவர் விட்டுச்சென்ற இயக்கப் பணத்தைக் கொண்டு, இறந்தவர்கள், கைதிகள் ஆகியோரின் குடும்பங்களுக்கான உதவி நிதியொன்றை அவர் தொடங்கினார்.

அதே சமயத்தில் கிளர்ச்சியோடு நேரடித் தொடர்பில்லாத மிதவாதிகள் இன்னொரு நிதியைத் தொடங்கியிருந்தார்கள். இரண்டுக்கும் இடையில் சந்தேகம் இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஐரிஷ் பிரதிநிதிகள் வற்புறுத்த, 1916 ஓகஸ்டில் இரண்டும் இணைந்தன. அமெரிக்க நகரங்களில் வாழ்ந்த ஐரிஷ்காரரின் பணம் பெருமளவில் வந்து சேர்ந்தது. மொத்தத் தொகை ஒரு லட்சம் பவுணைத் தாண்டியது.

இந்த நிதியின் பலம் அதன் சட்டபூர்வத் தன்மையில் இருந்தது. குடியரசு வேண்டும் என்று கையெழுத்திட அஞ்சுகிற வியாபாரி, விதவையின் பிள்ளைகளுக்கு ஒரு பவுண் கொடுக்க அஞ்சமாட்டார். கிளர்ச்சியைக் கண்டித்த பங்குத்தந்தை, கைதியின் தாய்க்கு உதவி கேட்டு வந்தவரை வாசலில் நிறுத்தமாட்டார். பணம் கொடுத்தவர் பட்டியலும் பெற்றவர் பட்டியலும் சேர்ந்தபோது நாடு முழுவதற்குமான தொடர்பு வலை ஒன்று தானாக உருவாயிற்று.

1917 பெப்ரவரியில் அந்த நிதியின் செயலாளராக, முகாமிலிருந்து வெளியே வந்த 26 வயது இளைஞர் ஒருவர் நியமிக்கப்பட்டார். வாரச் சம்பளம் இரண்டரைப் பவுண். லண்டனில் எழுதுவினைஞராக வேலை பார்த்துக் கணக்கெழுதப் பழகியவர். கத்லீன் கிளார்க் தன்னிடமிருந்த பெயர்களை அவரிடம் கொடுத்தார். பகலில் உதவிப் பணம், இரவில் இரகசிய அமைப்பு என இரண்டும் அவர் கையில் சேர்ந்தன. அவர் பெயர் மைக்கல் கொலின்ஸ்.

வேல்ஸ் முகாம்

கொலின்ஸ் இருந்த முகாம் வட வேல்ஸில், ஃப்ரோன்கொக் என்ற சிற்றூரில் இருந்தது. பழைய விஸ்கி வடிசாலை ஒன்றில் ஜெர்மன் போர்க்கைதிகளை வைத்திருந்தார்கள். அவர்களை அப்புறப்படுத்திவிட்டு ஐரிஷ்காரரைக் கொண்டுவந்து அடைத்தார்கள். எலித்தொல்லைக்குப் பெயர்போன இடம் அது.

ஆட்சியாளர் செய்த பிழைகளில் இது பெரிது. கொர்க்கில் இருந்தவருக்குக் கால்வேயில் இருந்தவரைத் தெரியாது. டப்ளின் தொண்டர் படைக்காரருக்கு மேற்குக் கரை விவசாயியோடு பேச்சுவழக்கே இல்லை. இவர்கள் அனைவரையும் அரசாங்கம் தன் செலவில் ஒரே வேலிக்குள் சேர்த்து வைத்தது. கைதிகள் தங்களுக்குள் தளபதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐரிஷ் மொழி வகுப்பு, வரலாற்று விரிவுரை, உடற்பயிற்சி, இராணுவப் பாடம் எல்லாம் நடந்தன. அதற்கு முன் பிரித்தானியாவில் வசித்த கைதிகளைப் படையில் சேர்க்க அதிகாரிகள் பெயர் கேட்டபோது, நூற்றுக்கணக்கானோர் தங்கள் பெயரைச் சொல்லவே மறுத்தார்கள். பிற்காலத்தில் ஆயுதப் போரை நடத்திய ரிச்சர்ட் முல்கஹியும் கொலின்ஸும் இந்த முகாமில் இருந்தவர்களே.

1916 டிசெம்பரில் பிரதமரான லோயிட் ஜோர்ஜ், அமெரிக்காவைச் சமாதானப்படுத்தும் நோக்கோடு நத்தாருக்கு முன் இவர்களை விடுவித்தார். ஏப்ரலில் போரிட்டவர்களுக்குத் தத்தம் பகுதியே உலகமாக இருந்தது. டிசெம்பரில் திரும்பியவர்களுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் நம்பத்தக்க நாலு பேரின் பெயர் தெரிந்திருந்தது.

இன்னொருவரின் பெயர்ப்பலகை

இவர்கள் வந்து சேர்ந்த கட்சியின் கதை விசித்திரமானது. ஷின் ஃபெய்ன் என்பதற்கு ‘நாங்களே’ என்று பொருள். பத்திரிகையாளர் ஆர்தர் கிரிஃபித் 1905இல் தொடங்கிய சிறு அமைப்பு அது. கிரிஃபித் ஆயுதத்தை நம்பியவரல்லர். அப்போது குடியரசையும் அவர் வற்புறுத்தவில்லை. ஆஸ்திரியப் பேரரசுக்குள் ஹங்கேரி பெற்ற நிலையே அவர் காட்டிய உதாரணம்: மன்னர் ஒருவரே இருக்கட்டும், பாராளுமன்றங்கள் இரண்டு. ஐரிஷ் உறுப்பினர்கள் லண்டன் சபையைப் புறக்கணித்து டப்ளினிலேயே கூட வேண்டும் என்பது அவரது வழி.

1916 கிளர்ச்சியில் இந்தக் கட்சிக்குப் பங்கில்லை. ஆனால் பத்திரிகைகளும் அதிகாரிகளும் அதை ‘ஷின் ஃபெய்ன் கலகம்’ என்றே அழைத்தார்கள். கலகத்தில் இல்லாத கிரிஃபித்தையும் பிடித்து அடைத்தார்கள். தவறாக ஒட்டிய பெயர் நிலைத்துவிட்டது. கிளர்ச்சிக்காரருக்குக் கட்சி இல்லை. கிரிஃபித்தின் கட்சிக்கு ஆள் இல்லை. எதிரி வைத்த பெயரின்கீழ் இரு தரப்பும் ஒதுங்கின.

பனியில் நடந்த தேர்தல்

1917 பெப்ரவரி 3. வட ரோஸ்கொமன் தொகுதியில் இடைத்தேர்தல். பனி ஆளுயரத்துக்குக் குவிந்து பாதைகள் மூடிக் கிடந்தன. வேட்பாளர் பிளங்கெட் பிரபு, சுடப்பட்ட ஜோசப்பின் தந்தை. மகன் செய்ததற்காக டப்ளினின் உயர்குடிச் சங்கமொன்று சில நாட்களுக்கு முன் அவரை வெளியேற்றியிருந்தது. அதைவிடச் சிறந்த பிரசாரத்தை யாரும் செய்திருக்க முடியாது. மைக்கல் ஓஃபிளானகன் என்ற குருவானவர் தொகுதியெங்கும் அலைந்தார். இளைஞர்கள் மண்வெட்டியால் பனியை வெட்டி வழி செய்து வாக்காளர்களை அழைத்து வந்தார்கள். பிளங்கெட் 3,022 வாக்குகளும் பழைய கட்சிக்காரர் 1,708 வாக்குகளும் பெற்றார்கள். லண்டனுக்குப் போகமாட்டேன் என்று அவர் அறிவித்ததே வெற்றிக்குப் பிறகுதான். அவருக்கு வாக்களித்தவர்கள் கொள்கைக்கு வாக்களிக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனுக்கு வாக்களித்தார்கள்.

மே மாதம் தென் லோங்ஃபோர்ட். இம்முறை வேட்பாளர் ஜோசப் மக்கின்னெஸ், இங்கிலாந்தின் லூயிஸ் சிறையில் இருந்த கைதி. அவருக்கே விருப்பமில்லை. சிறையில் தலைமை வகித்த ஏமன் டி வலேராவும், பாராளுமன்றத் தேர்தல் நமக்கு எதற்கு, தோற்றால் மானம் போகும் என்று எதிர்த்தார். கொலின்ஸ் அதைப் பொருட்படுத்தாமல் பெயரை முன்மொழியச் செய்தார். உள்ளே இருப்பவரை வெளியே எடுக்க அவரைச் சபைக்குள் அனுப்புங்கள் என்ற பொருளில் சுவரொட்டிகள் வந்தன. கடைசி நேரத்தில் டப்ளின் பேராயர் வோல்ஷ், பழைய கட்சியின் பிரிவினைச் சம்மதத்தைச் சாடிக் கடிதம் வெளியிட்டார். வெற்றி 37 வாக்குகளால்.

ஜூனில் தண்டனைக் கைதிகளும் விடுவிக்கப்பட்டார்கள். ஓராண்டுக்கு முன் வசை கேட்ட அதே வீதிகளில் வரவேற்பு காத்திருந்தது. ஜூலையில் கிழக்கு கிளேரில் டி வலேரா 5,010க்கு 2,035 என்ற கணக்கில் வென்றார். அது ரெட்மண்டின் தம்பி வில்லி, பிரித்தானியச் சீருடையில் போர்முனையில் மாண்டதால் காலியான இடம். ஓகஸ்டில் கில்கெனியில் டபிள்யூ. டி. கொஸ்கிரேவ் வென்றார்.

இவை வெறும் நான்கு இடங்கள். ஆனால் ஒவ்வொரு தேர்தலும் கிளைகள் கட்ட ஒரு காரணமாயிற்று. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் தொண்டர்கள் வந்து தங்கி வேலை பார்த்துத் திரும்பினார்கள். திரும்பிய ஊரில் ஒரு கழகம் தொடங்கினார்கள். போரால் கப்பல் பயணம் நின்றுபோயிருந்ததும் இதற்கு உதவியது. வழக்கமாக அமெரிக்காவுக்குப் போயிருக்க வேண்டிய ஒரு தலைமுறை, காணியும் வேலையும் இல்லாமல் ஊரிலேயே இருந்தது. கழகங்களை நிரப்பியவர்கள் அவர்களே. மேற்குப் பகுதிகளில் அவர்கள் பண்ணையாரின் மாடுகளை விரட்டி மேய்ச்சல் நிலத்தை உழத் தொடங்கியபோது, டப்ளின் தலைமை அஞ்சி அடக்க வேண்டியும் வந்தது.

செப்டெம்பர் 25 அன்று தோமஸ் ஆஷ் இறந்தார். கிளர்ச்சியில் வென்ற மிகச் சில மோதல்களில் ஒன்றை நடத்தியவர். அரசியல் கைதிக்குரிய உரிமை கேட்டு மௌண்ட்ஜோய் சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது, வலுக்கட்டாயமாக உணவு புகட்டியதால் உயிர்போயிற்று. சீருடை அணிந்த தொண்டர் படை அவரது உடலோடு டப்ளின் வீதிகளில் பகிரங்கமாக நடந்தது. கல்லறையில் வேட்டுகள் தீர்ந்தபின் கொலின்ஸ் பேசியது இரண்டே வாக்கியங்கள்.

ஒக்டோபர் சமரசம்

இப்போது கட்சியை ஒன்றாக்க வேண்டும். 1917 ஒக்டோபர் 25, 26 ஆகிய நாட்களில் டப்ளின் மேயர் மாளிகையில் மாநாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கழகங்களிலிருந்து சுமார் 1,700 பிரதிநிதிகள். ஒரு பக்கம், இரண்டு பாராளுமன்றமும் ஒரு மன்னரும் போதும் என்ற கிரிஃபித்தின் பழைய ஆட்கள். மறுபக்கம், 1916இல் பிரகடனம் செய்த குடியரசுக்குக் குறைந்த எதையும் ஏற்காதவர்கள். இடையில் ஆயுதமா, தேர்தலா என்ற விவாதம். பிளங்கெட் பிரபுவும் கிரிஃபித்தும் வசந்தகாலம் முழுக்க முட்டி மோதியிருந்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் டி வலேரா. அயர்லாந்தைச் சுதந்திரக் குடியரசாக உலகம் அங்கீகரிக்கச் செய்வதே நோக்கம். அந்த அங்கீகாரம் கிடைத்தபின், எந்த வகை ஆட்சி வேண்டும் என்பதை மக்களே வாக்கெடுப்பில் தீர்மானிக்கலாம். இதுதான் ஏற்கப்பட்ட வாசகத்தின் சாரம். குடியரசுக்காரருக்கு முதல் பாதி, கிரிஃபித்துக்கு இரண்டாம் பாதி.

கிரிஃபித் தான் தொடங்கிய கட்சியின் தலைமையை டி வலேராவுக்கு விட்டுக்கொடுத்துத் துணைத் தலைவரானார். செயற்குழுவின் 24 பேருக்கான தேர்தலில் அதிக வாக்குப் பெற்றவர் ஓயின் மக்னீல். கிளர்ச்சி நடக்கக்கூடாது என்று கடைசி நேரத்தில் பத்திரிகையில் அறிவித்தல் கொடுத்து அணிதிரள்வை நிறுத்தியவர் அவர். அவரைத் துரோகி என்று ஒதுக்கப் பலர் விரும்பினார்கள். டாட்மூர் சிறைக்கு மக்னீல் கொண்டுவரப்பட்டபோது, டி வலேரா வரிசையிலிருந்து முன்வந்து அவருக்கு மரியாதை செலுத்தும்படி சக கைதிகளுக்குக் கட்டளையிட்டார். கிளேர் தேர்தலிலும் அவரைக் கூடவே அழைத்துப்போனார். தோல்விக்கு யார் காரணம் என்று ஒருவரையொருவர் கிழித்துக்கொள்வதில் ஓர் இயக்கத்தின் மிச்ச உயிரும் போய்விடக்கூடும். அது இங்கே நடக்காமல் தடுத்தவற்றில் அந்தச் சிறை முற்றத்து மரியாதையும் ஒன்று. பெண்கள் நால்வரும் செயற்குழுவுக்குத் தெரிவானார்கள். கத்லீன் கிளார்க் அவர்களில் ஒருவர். மறுநாள் கூடிய தொண்டர் படையும் டி வலேராவையே தலைவராக்கியது. கட்சியும் படையும் தலைமையளவில் இணைந்தன.

இந்த ஏற்பாட்டில் ஒரு கேள்வி விடுபட்டிருந்தது. குடியரசுக்குக் குறைவான, ஆனால் ஹோம் ரூலைவிடப் பெரிய ஒன்றை லண்டன் நீட்டினால் என்ன செய்வது? வாசகம் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. குடியரசு முதலில், தெரிவு பிறகு என்ற வரிசையையே அது எதிர்பார்த்தது. தன்னை ஐரிஷ் மக்கள் என்ற சொல்லுக்குள் அடக்க மறுத்த வடகிழக்கின் யூனியனிஸ்ட் மக்களைப் பற்றியும் அதில் வழி இல்லை.

லண்டன் செய்த உதவி

இவ்வளவுக்குப் பின்னும் வெற்றி நிச்சயமாயிருக்கவில்லை. 1918 பெப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம்வரை தென் ஆர்மா, வோட்டர்ஃபோர்ட், கிழக்கு டைரோன் ஆகிய மூன்று இடைத்தேர்தல்களிலும் ஷின் ஃபெய்ன் தோற்றது. மார்ச்சில் ரெட்மண்ட் இறந்தார். வோட்டர்ஃபோர்டை அவரது மகனே தக்கவைத்தார். தியாகிகளின் படம் மட்டும் தேர்தலை வென்றுதராது என்பது தெளிவாயிற்று.

மார்ச் 21 அன்று ஜெர்மனி மேற்கு முனையில் பெருந்தாக்குதல் தொடுத்தது. ஆள் பற்றாக்குறையில் லண்டன், அயர்லாந்துக்கும் கட்டாய இராணுவச் சேவையை நீட்டிக்கச் சட்டம் இயற்றியது. ஒரே வாரத்தில் நாடு ஒன்றுதிரண்டது. ஏப்ரல் 18 அன்று மேயர் மாளிகையில் பழைய கட்சியும் ஷின் ஃபெய்னும் தொழிற்சங்கத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். ஆயர்கள் கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்க்க ஆசி வழங்கினார்கள். 21ஆம் திகதி ஞாயிறு பூசைக்குப் பின் கோவில் வாசல்களில் மக்கள் எதிர்ப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். 23ஆம் திகதி பொது வேலைநிறுத்தம். பெல்ஃபாஸ்ட் பகுதியைத் தவிர நாடு ஸ்தம்பித்தது. பழைய கட்சியினர் லண்டன் சபையிலிருந்து வெளியேறி ஊர் திரும்பினார்கள். கிரிஃபித் பதின்மூன்று ஆண்டுகளாகச் சொன்னதை அவர்களே செய்துவிட்ட பிறகு, அவர்களுக்கு வாக்களிக்க என்ன காரணம் மிச்சம்?

மே மாதம், ஜெர்மனியோடு சதி என்று சொல்லி ஷின் ஃபெய்ன் தலைவர்கள் எழுபது பேரளவில் கைது செய்யப்பட்டார்கள். கொலின்ஸ் முன்கூட்டியே எச்சரித்தும், ஒளிவதைவிடப் பிடிபடுவதே நல்லது என்று டி வலேராவும் கிரிஃபித்தும் முடிவு செய்தார்கள். ஜூனில் சிறையிலிருந்தபடியே கிரிஃபித் கிழக்கு கவனில் வென்றார். கட்டாய ஆட்சேர்ப்பு அயர்லாந்தில் கடைசிவரை நடைமுறைக்கு வரவில்லை.

டிசெம்பர் தேர்தலில் வாக்காளர் தொகை சுமார் 7 லட்சத்திலிருந்து 19 லட்சமாக உயர்ந்திருந்தது. இளைஞரும் 30 வயதைக் கடந்த பெண்களில் பெரும்பகுதியினரும் முதல்முறை வாக்களித்தார்கள். தொழிற்கட்சி போட்டியிடாமல் ஒதுங்கியது. 25 தொகுதிகளில் ஷின் ஃபெய்னுக்கு எதிராக நிற்கவே ஆளில்லை. போட்டி நடந்த இடங்களில் அதற்குக் கிடைத்தது சுமார் 47 சதவீதம். வடகிழக்கில் யூனியனிஸ்டுகள் தங்கள் கோட்டையைத் தக்கவைத்தார்கள். லண்டன் பொதுச் சபைக்குத் தெரிவான முதல் பெண் என்ற பெயர் பெற்ற கொன்ஸ்டன்ஸ் மார்க்கியேவிச் அப்போது ஹொலோவே சிறையில் இருந்தார்.

1919 ஜனவரி 21 அன்று ஐரிஷ் பாராளுமன்றமான டாயில் டப்ளினில் கூடியது. வந்திருந்தவர்கள் 27 பேர். பெயர்கள் வாசிக்கப்பட்டபோது, அந்நியர் சிறையில் இருக்கிறார் என்ற பதிலே திரும்பத் திரும்பக் கேட்டது. அதே நாளில் டிப்பரரியில், டாயிலின் அனுமதி எதுவும் இல்லாமல், தொண்டர்கள் சிலர் இரண்டு பொலிஸ்காரரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆயுதமா, தேர்தலா என்ற கேள்வியைக் களத்தில் இருந்தவர்கள் தாமே தீர்த்துக்கொண்டார்கள்.

கடன் திரும்பி வந்தபோது

1921 டிசெம்பர் 6 அன்று லண்டனில் உடன்படிக்கை கையெழுத்தானது. கையெழுத்திட்டவர்களில் கிரிஃபித்தும் கொலின்ஸும் இருந்தார்கள். கிடைத்தது குடியரசு இல்லை. மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டிய, கனடாவை ஒத்த சுயாட்சி நாடு. வடக்கின் 6 மாவட்டங்கள் ஏற்கெனவே தனியாகிவிட்டிருந்தன. 1917 வாசகம் எதிர்பாராத அதே நிலை வந்து நின்றது. 1922 ஜனவரி 7 அன்று டாயில் 64க்கு 57 என்ற வாக்குகளால் அதை ஏற்றது. டி வலேரா எதிர்த்தார். சபையில் இருந்த பெண்கள் ஆறு பேரும் எதிர்த்தார்கள்.

ஜூனில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. ஓகஸ்டில் பத்து நாள் இடைவெளியில் கிரிஃபித் நோயில் இறந்தார், கொலின்ஸ் பதுங்கித் தாக்கியவர்களின் குண்டுக்குப் பலியானார். ஆட்சிக்கு வந்தவர் கில்கெனியில் 1917இல் வென்ற அதே கொஸ்கிரேவ். அவரது அரசு எழுபதுக்கு மேற்பட்ட பழைய தோழர்களைச் சுட்டுக் கொன்றது. மக்ஸ்வெல் சுட்டதைப்போல நான்கு மடங்குக்கும் மேல்.

அப்படியானால் 1917 சமரசம் பிழையா? அந்த மாநாட்டில் கேள்வியை முடிவுவரை இழுத்திருந்தால் கட்சி இரண்டாக உடைந்திருக்கும். உடைந்த கட்சி கட்டாய ஆட்சேர்ப்பு எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியிராது. 73 இடங்களும் வந்திரா. தோற்ற இயக்கம் மீண்டும் எழ அகலம் தேவைப்பட்டது. அகலத்துக்காக நோக்கத்தைத் தெளிவாக்குவது தள்ளிப்போடப்பட்டது. தள்ளிப்போட்டதில் குறை காண்பது கடினம். நான்கு ஆண்டுகள், அந்த வாசகத்தை எழுதியவர்கள் உட்பட எவரும், விடுபட்ட கேள்வியைத் திரும்ப எடுத்துப் பேசவில்லை என்பதில்தான் குறை இருக்கிறது. வெற்றி வந்துகொண்டிருந்த நாட்களில், ஒற்றுமை இருந்த நாட்களில், அதைப் பேசியிருக்க முடியும். வடகிழக்கு மக்களோடு என்ன உறவு என்பதையும் அப்போதே கேட்டிருக்க முடியும். கேட்காமல் விட்டபடியால் பதிலை எதிரியின் பேச்சுவார்த்தை மேசையில், கெடு வைக்கப்பட்ட ஓர் இரவில் தேட வேண்டியதாயிற்று.

கத்லீன் கிளார்க் உடன்படிக்கையை எதிர்த்து வாக்களித்த ஆறு பெண்களில் ஒருவர். தன் பெயர்ப் பட்டியலைத் தானே கொடுத்து வளர்த்துவிட்ட இளைஞருக்கு எதிராக அவர் வாக்களிக்க நேர்ந்தது. 1939இல் அவர் டப்ளினின் முதல் பெண் மேயரானார். அவர் குடியேறிய மேயர் மாளிகை, 1917 ஒக்டோபரில் 1,700 பேர் கூடி ஒரு வாசகத்தை ஏற்றுக்கொண்டு நிம்மதியாகக் கலைந்துபோன அதே இடம்.